ஏணியில் ஒரு மிதி

வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். மேசைமேல் இருக்கிற சின்ன விளக்கு பச்சையாக மினுங்கினால், காலுக்குக் கீழே கிடக்கிற இரும்புப் பலகையை ஒரு தடவை அழுத்தி மிதிக்க வேண்டும். அதற்கு ஏசி அறை, சுழலும் நாற்காலி, நேரத்துக்கு டீ. சாயப்பட்டறைத் தொட்டி மேட்டில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோனவனுக்கு வேறென்ன வேணும்? முதல் நாள் யாரும் பார்க்காத நேரமாக நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஒரே சங்கடம், அறைக்குள்ளும் என் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றார்கள்.

"எதுக்கும்மா இது? கூரை கீரை விழுந்துருமா?" என்று ரெஹானாவிடம் கேட்டேன். ரெஹானா கம்ப்யூட்டர் பிரிவில் இன்ஜினியர். கோயம்புத்தூர்ப் பெண். என் மகள் வயசு இருக்கும்.

"கூரை விழாதுண்ணா. அவரோட ஹெல்மெட்டும் உங்க ஹெல்மெட்டும் ஜோடி. உங்க மிதியை மட்டும்தான் அவர் நம்புறாரு. வேற யார் மிதிச்சாலும் ஏணியை விட்டு நகர மாட்டேங்கிறாரு."

அவர் என்று அவள் சொன்னது ஒச்சப்பனை. ஒச்சப்பன் செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

நானும் ஒச்சப்பனும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவன் எனக்கு மாப்பிள்ளை முறை. திருப்பூருக்கு ஒரே பஸ்ஸில் வந்து ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். சாயக்கழிவுத் தொட்டியில் அடியில் தங்குகிற சேற்றை அள்ளுகிற வேலை. ஒருத்தன் உள்ளே இறங்குவான், ஒருத்தன் மேலே நிற்பான். இறங்குகிறவன் அவன், நிற்கிறவன் நான். அவன் ஒல்லி, அந்தத் துவாரத்துக்குள் என் வயிறு நுழையாது. "மச்சான் தின்னே தப்பிச்சுக்கிட்டாரு" என்பான்.

பம்பு சத்தத்தில் ஒரு பேச்சும் காதில் விழாது. அதனால் எங்களுக்கு ஏணிதான் வாய். கீழேயிருந்து ஸ்பேனரால் ஏணியில் இரண்டு தட்டு தட்டினால் 'இன்னும் இறங்கட்டுமா' என்று அர்த்தம். நான் மேல்படியில் ஒரு மிதி மிதித்தால் 'போ'. மூன்று தட்டு வந்தால் 'தூக்கு'. அதற்கு நான் இரண்டு மிதி மிதிப்பேன், 'தூக்குறேன்' என்று. மிதித்த கையோடு கயிற்றை இழுப்பேன்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழே இருக்கிறவன் எதிர்த்துக் கேட்கக் கூடாது. உள்ளே கண் தெரியாது. விஷவாயுவின் அழுகின முட்டை நாற்றம் வந்துகொண்டிருக்கிறவரைக்கும் பயமில்லை. நாற்றம் நின்றுபோனால்தான் ஆபத்து, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மனுசனுக்கு எதுவும் பிடிபடாது, இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரித் தெரியும். அதனால் தனக்கு என்ன தோன்றினாலும் மேலே நிற்கிறவன் மிதிக்குத்தான் கட்டுப்பட வேண்டும். தூக்கு என்று தட்டியபிறகும் போ என்று மிதி வந்தால் போகவேண்டியதுதான். மேலே இருக்கிறவனுக்கு என்னமோ தெரிகிறது, அதனால்தான் சொல்கிறான் என்று போக வேண்டும். நான் ஒரு நாளும் அப்படி மிதித்ததில்லை. ஆனால் கட்டுப்பாடு அதுதான்.

பிறகு புது ஹெல்மெட் வந்தது. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாங்கள் என்ன பார்க்கிறோம், கை எப்படிப் போகிறது, மூச்சு எப்படி வாங்குகிறது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டது. சில வருஷத்தில் ஒச்சப்பன் கை நீட்டும் முன்பே அதற்குத் தெரியும், எந்தப் பக்கம் நீட்டுவான் என்று. அப்போது கம்பெனியில் சொன்னார்கள், இனிமேல் மேலே ஆள் வேண்டாம், ஹெல்மெட்டே பார்த்துக்கொள்ளும், தூக்குகிற மோட்டாரை ஆபீஸிலிருந்து போட்டுவிடலாம் என்று. என்னை வேறு யூனிட்டில் வண்டி கழுவப் போட்டார்கள். அந்த மாதத்திலேயே ஒச்சப்பன் தொட்டிக்குள் செத்துப்போனான்.

சிக்னலே கொடுக்கவில்லை, தானாக மயங்கி விழுந்துவிட்டார் என்றார்கள். அவன் பெண்டாட்டி அங்கம்மாவும் நம்பினாள். நானும் நம்பினேன்.

அதன்பிறகு தொட்டிக்குள் மனுசனை இறக்க மாட்டோம் என்று இயந்திரக் கைகளை வாங்கிப் போட்டார்கள். அதெல்லாம் அருமையான கைகள், ஆனால் வேலை தெரியாத கைகள். வேலை தெரிந்தது பழைய ஹெல்மெட்டுகளுக்குத்தான். அதைத்தான் ரெஹானா எனக்குப் புரியவைத்தாள்.

"அவரோட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுட்டோம்ணா. ஆனா அதுக்குள்ள இருந்த டிஸ்க்கை, ஒரு எழுத்து விடாம, அப்படியே நகலா, ஒரு இமேஜா எடுத்து வச்சிருக்கோம். அந்த இமேஜைப் பெரிய லினக்ஸ் கம்ப்யூட்டர்ல இறக்கி, ஒரு கன்டெய்னரா ஓட விடுறோம்."

"கன்டெய்னர்னா தூத்துக்குடிக்கு பனியன் ஏத்திட்டுப் போகுமே, அதா?"

சிரித்தாள். "இது வேறண்ணா. ஒரு வீட்டைச் சுவரோட சாமானோட பேத்து எடுத்துட்டு வந்து நம்ம அஸ்திவாரத்து மேல வைக்கிற மாதிரி. அஸ்திவாரம் எங்களோடது. மேல இருக்கிற வீடு அவரோடது. வீட்டுக்குள்ள இருக்கிறவருக்கு இடம் மாறினது தெரியாது. பழைய ஹெல்மெட்டுக்குள்ளதான் இருக்கோம்னு நினைச்சுப்பாரு."

"ஒரே வீட்டை எத்தனை இடத்துல வைக்கலாம்?"

"எத்தனை வேணும்னாலும். இப்ப கரூர், ஈரோடு, பெருந்துறை, இங்க… எல்லாத் தொட்டியிலயும் ஓடுறது ஒச்சப்பன் அண்ணாதான். உங்க ஒரு மிதி எல்லா ஊருக்கும் போகுது."

எனக்கு அன்றைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. செத்தும் இத்தனை ஊரில் வேலை பார்க்கிறான் என் மாப்பிள்ளை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டேன். விளக்கு மினுங்கினால் அவன் இறங்கட்டுமா என்று கேட்கிறான். நான் மிதிக்கிறேன். அவன் போகிறான். பழையபடி ஜோடி சேர்ந்துவிட்டோம்.

ஆனால் சத்தம் இல்லாத வேலை எனக்கு ஒட்டவில்லை. ஊமைப்படம் மாதிரி இருந்தது. "தட்டுறது காதுல விழுந்தா நல்லாருக்கும்மா" என்று ரெஹானாவிடம் ஒரு நாள் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது. டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாளே மேனேஜர் கண்ணபிரான் கையாலேயே காதில் மாட்டுகிற கருவி வந்தது.

"கேட்டீங்களாமா? மாட்டிக்குங்க. நல்லாக் கேளுங்க" என்று தோளில் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டுகிற ஆள் இல்லை.

மாட்டிக்கொண்டேன். விளக்கு மினுங்கியது. காலைத் தூக்கினேன்.

தட், தட், தட்.

காலைத் தூக்கியபடியே இருந்துவிட்டேன். சின்ன இடைவெளி. மறுபடி தட், தட், தட். முதலில் சீராக இருந்தது. பிறகு அவசரமாக. இரும்பில் ஸ்பேனர் வழுக்குகிற சத்தம்கூடக் கேட்டது.

தூக்கு, தூக்கு என்கிறான்.

இத்தனை வாரமாக நான் போ என்று மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

காலைக் கீழே வைக்கவே இல்லை. பக்கவாட்டில் எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்தேன். ரெஹானா பின்னாலேயே வந்தாள். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றோம்.

"மூணு தட்டுறாம்மா."

"தெரியும்ணா."

அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அங்கேயே கட்டையில் உட்கார்ந்தேன்.

"எல்லாரோட ஹெல்மெட்டையும் இறக்கி ஓட விட்டுப் பார்த்தோம்" என்றாள். "உயிரோட இருக்கிறவங்களோடதும்தான். அதெல்லாம் வேலை செய்யும், ஆனா நின்னு நின்னு செய்யும். சாப்பாட்டு நேரம் வந்தா சுணங்கும். போதும்னு தோணினா போதும்னு விட்டுரும். ஒச்சப்பன் அண்ணா மட்டும்தான் ஒரு நிமிஷம் விடாம அள்ளுறாரு. ஏன்னு எங்களுக்கு முதல்ல புரியலை. அப்புறம்தான்… அந்த இமேஜ் அவர் விழுந்த அன்னைக்கு எடுத்தது. டிஸ்க்குல கடைசியா இருந்தது அந்த நிமிஷம். தினமும் புதுசா ஆரம்பிக்கிறப்போ அங்கயிருந்துதான் ஆரம்பிக்கும்."

"அதாவது தினமும் சாகப் போற நேரத்துல இருந்து."

"சேத்தை அள்ளி முடிச்சாத்தான் மேல விடுவாங்கன்னு நினைச்சு அள்ளுறாருண்ணா. அதான் அந்த வேகம்." உடனே, "அது அவர் இல்லை. அவரோட பழக்கம். வலி, பயம் எதுவும் அதுக்குக் கிடையாது" என்றாள்.

"பயமில்லாத பழக்கம் எதுக்கும்மா தூக்கச் சொல்லுது?"

அவள் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு மிதிச்சா?"

"எல்லா ஊர்லயும் மேல ஏறி வந்துருவாரு. அன்னைக்கு மறுபடி இறங்க மாட்டாரு. ஆனா தொட்டி நிக்காதுண்ணா. சாயம் வந்துக்கிட்டேதான் இருக்கும். மத்த இமேஜை வச்சு அந்த வேகத்துக்கு அள்ள முடியாது. மிஷின் நின்னா இறங்குறதுக்குன்னு வச்சிருக்கிற ஸ்டாண்ட்பை ஆளுங்களை இறக்குவாங்க. இந்த இமேஜ் வந்ததுக்கு அப்புறம் எந்தத் தொட்டியிலயும் ஒருத்தர்கூடச் சாகலை. அதையும் நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்கச் சொன்னாள். எங்கள் யூனிட்டில் ஸ்டாண்ட்பையில் இருக்கிறவன் காசிமாயன். ஒச்சப்பன் மகன். அப்பனைப் போலவே ஒல்லி.

அன்றைக்குச் சாயங்காலம் அங்கம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பனியன் குவித்துப்போட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, என்ன இந்த நேரத்துல? ஏசி ரூமுக்காரரு வெயில் படாம வெளுத்துட்டீகளே" என்று கேலி பண்ணினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சொன்னேன். எனக்குப் புரிந்த மாதிரி சொன்னேன். கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. ஒவ்வொரு பனியனாக எடுத்து, தோள்பட்டையில் தொங்குகிற நூலை வெட்டி, மடித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு முதலில் இதைத்தான் சொன்னாள்:

"அப்ப தட்டியிருக்காரு."

"தட்டியிருக்கான் ஆத்தா."

"தட்டவே இல்லைன்னு சொன்னாங்களே. நானும் அந்த மனுசனைத் திட்டுனேனே, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதான்னு. பொணத்தை வச்சுக்கிட்டே திட்டுனேனே."

இன்னொரு பனியனை எடுத்தாள். அதில் பிசிறே இல்லை. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் தட்டிக்கிட்டு இருக்காரா?"

"சிஃப்ட் முடிஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில தட்டுவான்."

"நீங்க தூக்கினா?"

"வந்துருவான். ஒரு நாளைக்கு. மறுநாள் திரும்ப முதல்ல இருந்து."

"தினமும் தூக்கினா?"

"தினமும் வந்துருவான்."

"அப்ப தொட்டியை யாரு அள்ளுவா?"

பதில் அவளுக்கே தெரியும். உள்ளே காசிமாயன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம், அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். அங்கம்மா அந்தச் சிரிப்புச் சத்தம் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே மிதிங்கண்ணே" என்றாள்.

"ஆத்தா…"

"அவரு மேல வந்தா இவன் உள்ள போகணும். அவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு."

"கேக்க வழி இல்லையே."

"அதான் நான் சொல்றேன். பெண்டாட்டி சொல்றேன். மிதிங்க." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் சொன்னேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் போய் ஹெல்மெட்டை மாட்டினேன். காதில் கருவியையும் மாட்டினேன். கழற்றிவிட்டே மிதித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் மிதிப்பது அதைவிடக் கேவலமாகத் தோன்றியது. விளக்கு மினுங்கியது. தட், தட், தட். மாப்ளே, மேல எல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்றேன், போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு மிதி மிதித்தேன்.

தட்டு நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அவன் இறங்குகிற சத்தம், படிப்படியாக. எதிர்த்து ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

அந்த ஒரு மூச்சு நேரம்தான் எனக்குத் தாங்கவில்லை. அதில் அவன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கு என்னமோ தெரிகிறது என்று நினைத்திருப்பான்.

கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் காலை கண்ணபிரான் கேட்டிலேயே நிறுத்தினார்.

"ஏனுங்க வீரணன், உங்களுக்கு ரெஸ்ட் குடுத்தர்லாம்னு முடிவு பண்ணியிருக்குதுங்க. முட்டி வேற சரியில்லீங்கல்ல. ஹெல்மெட்டைக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

"நான் இல்லாட்டி அவன் நகர மாட்டானேங்க."

"அதெல்லாம் பார்த்தாச்சுங்க" என்று சிரித்தார்.

மேசை இழுப்பறையில் இருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். நாற்காலி காலி. ரெஹானா மட்டும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சோதித்துப் பார்ப்பதற்காக ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தார்கள். விளக்கு மினுங்கியது. தட், தட், தட். அதற்குப் பிறகு ஒரு சரசரப்பு. வலது முட்டி மடங்காததால் நான் குதிகாலைக் கொஞ்சம் இழுத்துத்தான் மிதிப்பேன். அந்தச் சரசரப்பு. அப்புறம் ஒரு மிதி.

விளக்கு அணைந்தது. ஒச்சப்பன் இறங்க ஆரம்பித்தான். பலகையின்மேல் யார் காலும் இல்லை.

"என்னையும் இறக்கிட்டீங்களா?"

தலையாட்டினாள்.

"எந்த நாளு?"

"நீங்க முதல் தடவையா சத்தம் கேட்டீங்கல்ல, அன்னைக்கு. ஹெல்மெட்டைக் கழற்றி வச்சுட்டு வெளியே வந்தப்பவே எடுத்துட்டாங்க. அதுக்கு முந்தி இந்த அறையில உங்க ஹெல்மெட் வெறும் விளக்கைத்தான் பார்த்துச்சு. இந்தப் பலகையில தட்டைக் கேட்டு மிதிக்க அதுக்குத் தெரியாது. அதான் மேனேஜர் காதுக் கருவியைக் குடுக்கச் சொன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேண்ணா."

அன்றைக்கு நான் காலைக் கீழே வைக்கவில்லை. தூக்கினபடியே வந்துவிட்டேன். ஆக, தினமும் காலையில் ஊருக்கு ஒரு வீரணன் எழுந்திருக்கிறான். காலைத் தூக்கி வைத்திருக்கிறான். மாப்பிள்ளை தூக்கு என்று தட்டுவதை முதல் தடவையாகக் கேட்கிறான். அங்கம்மா வீட்டுக்கு அவன் போகவில்லை. அவளிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் மிதிக்கிறானா?"

"இப்ப ஒண்ணுதான்."

"இப்பன்னா?"

ரெஹானா ஸ்பீக்கரை அணைத்தாள்.

"ஒரே இமேஜ்தான்ணா. ஆனா தட்டு வர்ற நேரம் ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதுல முடிவும் மாறும். முதல்ல உங்க நகலை நிறைய ஓட விட்டுப் பார்த்தோம். ரெண்டு மிதிச்சதை எல்லாம் அழிச்சாச்சு. ஒண்ணு மிதிச்சதை மட்டும் வச்சுக்கிட்டு, அதுல இருந்துதான் எல்லா ஊருக்கும் போட்டிருக்கோம்."

"ரெண்டு மிதிச்சது எத்தனை?"

"வேண்டாம்ணா."

"சொல்லும்மா."

"ஒண்ணைத் தவிர எல்லாம்" என்றாள்.

கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தொட்டி மேட்டில் ஸ்டாண்ட்பை ஆட்கள் வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காசிமாயன் எழுந்து வந்தான்.

"என்ன மாமா, அதுக்குள்ள கிளம்பிட்டீக? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. உங்க பேரைத்தான் தாய்மாமன்னு போட்டிருக்கு. முன்னாடியே வந்து நிக்கணும், ஆமா."

வருகிறேன் என்றேன். வெயிலில் அவன் வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைத்தது. அதில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை.